கடைமடைக்கும் வரட்டும் கடன் கணக்கு

காரைக்கால் மீனவ கிராமப் பஞ்சாயத்தாருக்கும் கடைமடை விவசாயிகளுக்கும் ஒரு திறந்த மடல்



திருவிழா முடிந்து கொடி இறக்கிய சில நாளில் காரைக்கால் கடலோர ஊர்களில் ஒரு கூட்டம் கூடும். கோயில் வாசலிலோ வலை பின்னும் கொட்டகையிலோ பாய் விரித்திருக்கும். கணக்கு வைத்திருப்பவர் நோட்டைப் பிரித்து, தலைக்கட்டு வரி எத்தனை வீட்டில் வந்தது, எத்தனை வீடு பாக்கி, பந்தலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று வரி வரியாக வாசிப்பார். ஜெனரேட்டர் வாடகை என்ற வரி வந்ததும் ஓர் இளைஞர் எழுந்து நிற்பார். மூன்று நாள் வாடகை எழுதியிருக்கிறதே, இரண்டாம் நாள் கரண்ட் போகவே இல்லையே என்பார். அந்த ஒரு வரியிலேயே அரைமணி நேரம் போகும். ரசீது வரும், சமாதானம் வரும், இல்லையென்றால் பணம் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் அடுத்த வரி.

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, மண்டபத்தூர், காளிக்குப்பம், பட்டினச்சேரி, கருக்களாச்சேரி என்று இந்தக் கரை நெடுக இருக்கிற பழக்கம் இது. உள்ளே திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவிப் பக்கம் வந்தால் அங்கே கணக்கு தண்ணீரில் நடக்கிறது. எந்த வாய்க்காலில் எத்தனை நாள் முறை, எந்த மதகில் யார் பலகை வைத்தார்கள், மேல்மடைக்காரர் எவ்வளவு எடுத்தார் என்பதெல்லாம் தாளில் எழுதாமலே மனதில் நிற்கும்.

இந்த மடல் உங்களுக்கு வருவதற்குக் காரணம் அதுதான். உங்கள் பெயரில் இன்னொரு நோட்டும் இருக்கிறது. அதில் டாலர் வரும், யூரோ வரும், 35 ஆண்டுத் தவணை வரும். ஒரு மாநிலமோ நாடோ தன் நிர்வாகத்தை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் வரும். அந்த நோட்டை இதுவரை எந்தக் கொட்டகையிலும் யாரும் வாசித்ததில்லை.

வெளிநாட்டுக் கடன் காரைக்காலுக்குப் புதிது இல்லை. 1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்த ஊர், 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1956 மே 28 அன்று இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் கொடி, மொழி, குடியுரிமை பற்றி இருப்பதை எல்லோரும் அறிவார்கள். அதில் கடனைப் பற்றியும் எழுதியிருக்கிறது. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிர்வாகத்துக்கு வரவேண்டியது, அது தரவேண்டியது, அதன் பற்றாக்குறை எல்லாவற்றுக்கும் 1954 நவம்பர் 1 முதல் இந்திய அரசே பொறுப்பு. பிரெஞ்சுக் கருவூலம் கொடுத்திருந்த கடனையும், பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கு நிதி கொடுத்துவந்த ‘கெஸ் சாந்த்ரால்’ என்ற மைய நிறுவனத்தின் முன்பணத்தையும் இந்தியா திருப்பிக் கட்ட வேண்டும். மானியமாக வந்த தொகைக்கு மட்டும் விலக்கு.

அந்த ‘கெஸ் சாந்த்ரால்’ மறைந்துவிடவில்லை. சில முறை பெயர் மாறி, 1998 முதல் பிரெஞ்சு வளர்ச்சி முகமை, சுருக்கமாக ஏ.எஃப்.டி., என்ற பெயரில் இருக்கிறது. புதுச்சேரி நகரின் குடிநீர்த் திட்டத்துக்குச் சுமார் 6.5 கோடி யூரோ கடன் தர முன்வந்ததும் இதே நிறுவனம்தான். ஆட்சி போய் அறுபது ஆண்டு கழித்துப் பழைய கடன்காரர் புதிய பெயரில் அதே வாசலுக்கு வந்திருக்கிறார். இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. குழாய் வேண்டும், குழாய்க்குப் பணம் வேண்டும். ஆனால் இரண்டு முறையும் வாசலில் நின்று பேசியவர்கள் வேறு. திருப்பிக் கட்டியவர்களும் கட்டப்போகிறவர்களும் வேறு.

கடன் எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலம் இந்திய எல்லைக்குள் மட்டுமே கடன் வாங்கலாம். உலக வங்கியோ ஆசிய வளர்ச்சி வங்கியோ சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ நேரே கடன் கொடுப்பதில்லை. டெல்லியில் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை கையெழுத்திடும், அதன் பிறகே பணம் கீழே இறங்கும். மேட்டூர் திறந்து, கல்லணை பிரித்து, அரசலாற்றிலும் நாட்டாற்றிலும் வந்து, கடைசி வாய்க்காலில் கணுக்கால் அளவு நனைக்கும் தண்ணீரைப் போல. காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று எழுதியிருப்பது இந்தக் காரைக்காலுக்காகத்தான். எழுதிய 7 டி.எம்.சி.க்கும் வயலில் நின்ற தண்ணீருக்கும் உள்ள தூரத்தை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மாநிலங்களுக்காவது வழி ஓரளவு தெளிவு. 2005க்கு முன்பு, சிறப்புப் பிரிவில் சேராத மாநிலங்களுக்கு டெல்லி வெளிநாட்டு உதவியை 70 சதவீதம் கடனாகவும் 30 சதவீதம் மானியமாகவும் மாற்றிக் கொடுத்தது. 12ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, வெளியே என்ன வட்டியோ என்ன தவணையோ அப்படியே மாநிலத்தின் தலையில் என்று ஆனது. டாலர் ஏறினால் அந்த நட்டமும் மாநிலத்துக்கே. 2005இல் ஒரு டாலர் 44 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, இன்று 80ஐத் தாண்டிவிட்டது. வட்டி குறைவு என்று சொல்லி வாங்கும் கடனில் இந்த ஏற்றத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலையை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. காரைக்காலில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட உயிர் போயிற்று. அடுத்த ஆண்டு மே மாதம் உலக வங்கி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து 46.5 கோடி டாலர் சுனாமி மறுகட்டமைப்புக் கடன் ஒப்புக்கொண்டது. 2013இல் கடலோரப் பேரிடர் தணிப்புக்கு என்று இன்னொரு 23.6 கோடி டாலர். சுனாமிக் கடன் வந்த 2005இல் உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவு இந்தியாவுக்குக் கொடுத்த கடன்களுக்கு வழக்கமான தவணை 35 ஆண்டு; முதல் 10 ஆண்டு அசல் கட்ட வேண்டியதில்லை. சுனாமி அன்று இடுப்பில் இருந்த குழந்தைக்கு நாற்பது வயது நெருங்கும்போதுதான் அந்தக் காலத்துக் கடன் தீரும். அந்தப் பணத்தில் எது வீடாயிற்று, எது சாலையாயிற்று என்று கேட்டால் கையால் காட்டலாம். கட்டடக் கடனில் உள்ள வசதி அது.

கையால் காட்ட முடியாத கடன் ஒன்று இருக்கிறது. இந்த மடல் அதிகம் பேச விரும்புவது அதைப் பற்றி.

கரையில் முன்பணம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். எஞ்சின் மாற்றவோ வலை வாங்கவோ ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ பணம் வாங்குகிறோம். வட்டி இல்லை என்பார். ஆனால் பிடிக்கிற மீனை அவரிடமே போட வேண்டும்; விலை அவர் சொல்வது; கமிஷன் தனி. முன்பணத்தின் உண்மையான விலை வட்டியில் இல்லை, மீனை யாரிடம் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் தரும் கொள்கைக் கடனும் ஏறக்குறைய இந்த வகைதான். அதில் பாலம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. ஓர் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் அரசு செய்ய வேண்டியது: இந்தச் சட்டம் நிறைவேற்று, இத்தனை அரசு நிறுவனங்களை மூடு அல்லது சீராக்கு, கருவூலத்தைக் கணினிக்கு மாற்று, ஓய்வூதியச் செலவுக்கு வழி காண். அது முடிந்ததும் மறுபக்கத்தில் உள்ள தொகை அரசின் பொதுக் கஜானாவில் விழும். சம்பளத்துக்கும் போகலாம், பழைய வட்டிக்கும் போகலாம்.

இந்தியாவில் மாநில அளவில் இதற்கு முதல் வாடிக்கையாளர் குஜராத். 1996இல் ஆசிய வளர்ச்சி வங்கி பொதுத்துறைச் சீரமைப்புக்காக அதற்கு 25 கோடி டாலர் தந்தது. உலக வங்கியும் இந்த வகைக் கடனை மாநிலங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. பின்னாலேயே உத்தரப் பிரதேசம், கர்நாடகம், ஒடிசா வந்தன. 2012இல் ஆசிய வளர்ச்சி வங்கி மேற்கு வங்காளத்துக்கு 40 கோடி டாலர் அளித்தபோது, வரி வசூலையும் கருவூலக் கணக்கையும் கணினிக்குக் கொண்டுவருவது அதில் முக்கியப் பங்கு வகித்தது. சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆள்குறைப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம். காசோலைக்காக ஒப்பந்ததாரர் கருவூல வாசலில் தவம் கிடக்காமல் இருப்பதும், எந்தத் துறை எந்த நாளில் எவ்வளவு செலவழித்தது என்று தெரிவதும் சீர்திருத்தம்தான்.

இன்னொரு முகமும் உண்டு. அதைப் பக்கத்தில் பார்க்க, கேரளத்துக்குள் இருக்கும் நம் பிரதேசத்து மாஹேக்கு வெளியே ஓரடி வைத்தால் போதும். கேரளத்தில் ஏ.கே.அந்தோணி முதல்வராக இருந்தபோது அரசு நவீனமயமாக்கல் திட்டம் என்ற பெயரில் ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 20 கோடி டாலர் கொள்கைக் கடன் பேசப்பட்டது. மருத்துவமனை, பள்ளி, ஊராட்சி அலுவலகம் என்று மக்கள் வந்துபோகிற இடங்களில் சேவையைச் சீராக்குவது அதன் நல்ல பாதி. அதே சமயத்தில் அரசு ஊழியர்களின் சலுகைகளைக் குறைத்து ஆணை வந்தது. 2002 பிப்ரவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் 32 நாள் நீடித்தது. கடன் பேச்சும் சலுகை வெட்டும் ஒரே நேரத்தில் நடந்ததால், எது அரசின் சொந்த முடிவு, எது கடன்காரரின் நிபந்தனை என்று பிரித்துப் பார்க்க மக்களுக்கு வழி இல்லை. திட்டத்தின் நல்ல பாதியும் அந்தச் சந்தேகத்திலேயே மூழ்கியது. நிபந்தனைப் பட்டியலை முன்கூட்டியே மலையாளத்தில் அச்சடித்து ஊருக்கு ஊர் வைத்திருந்தால் சண்டை வந்திருக்காது என்று சொல்ல முடியாது. எதற்காகச் சண்டை போடுகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

நிபந்தனை வைப்பது வாஷிங்டனில் உள்ள உலக வங்கியும் மணிலாவில் உள்ள ஆசிய வளர்ச்சி வங்கியும் மட்டும்தான் என்று நினைத்தால் அதுவும் தவறு. டெல்லியும் வைக்கிறது. நிதிப் பொறுப்புச் சட்டம் இயற்றும் மாநிலத்துக்கே பழைய கடனில் சலுகை என்றது 12ஆவது நிதிக்குழு. தமிழ்நாடு 2003இலேயே அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. மேற்கு வங்காளம் 2010 வரை இழுத்தது. 2020 கொரோனா ஆண்டில் மாநிலங்கள் கூடுதல் கடன் வாங்க அனுமதி கேட்டபோது, ஒரே நாடு ஒரே ரேஷன், தொழில் தொடங்கும் அனுமதி, நகராட்சி வருவாய், மின்சாரம் ஆகிய நான்கு சீர்திருத்தங்களில் ஒவ்வொன்றுக்கும் மாநில உற்பத்தி மதிப்பில் 0.25 சதவீதம் என்று விலை வைத்தது மத்திய அரசு. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகம் தனியாருக்குப் போகும் என்ற அறிவிப்பும் வந்தது. 2022இல் டெண்டர் வந்ததும் புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த முடிவு எங்கே எடுக்கப்பட்டது, அதற்கு ஈடாக என்ன கிடைக்கும் என்பது காரைக்காலில் மின் கட்டணம் கட்ட வரிசையில் நின்றவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கடலின் மறுகரையைப் பார்ப்போம். இங்கிருந்து காங்கேசன்துறை ஒரு ராத்திரி தூரம்கூட இல்லை. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்குச் சில வாரம் முன்பே, மார்ச் மாதத்தில், பசி தாங்காமல் படகேறிய குடும்பங்கள் தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கின. அடுத்த ஆண்டு மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. நான்கு ஆண்டுத் திட்டம், தவணை தவணையாகப் பணம், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பரிசோதனை. அந்த ஆண்டு ஜூனில் உலக வங்கி 50 கோடி டாலர் கொள்கைக் கடன் தந்தது. வாட் வரி 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 சதவீதம் ஆனது.

இதில் உங்கள் கவனத்துக்கு உரியது வரி மட்டும் இல்லை. இலங்கையில் அரசின் கடனை வாங்கி நிர்வகித்தது மத்திய வங்கியின் ஒரு துறை. பணம் அச்சடிக்கிற வீடும் கடன் திரட்டுகிற வீடும் ஒரே கூரையில். நெருக்கடிக்குப் பிறகு, 2024இல், பொதுக் கடன் முகாமைச் சட்டம் வந்தது. நிதி அமைச்சின் கீழ் கடனுக்கென்றே தனி அலுவலகம் அமைந்தது. எவ்வளவு கடன், எந்த நாணயத்தில், எந்த ஆண்டில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது ஓரிடத்தில் இருக்க வேண்டும், அதை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். நாணய நிதியம் 2023 செப்டம்பரில் இலங்கையின் ஆட்சி முறையையும் ஊழல் வாய்ப்புகளையும் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசியாவில் ஒரு நாட்டைப் பற்றி அந்த வகையில் வந்த முதல் அறிக்கை அது. ஒரு நாடு தன் கணக்கைத் தானே வாசிக்காமல் விட்டால் கடைசியில் வெளியார் வந்து வாசிப்பார்கள். அப்போது கூட்டத்தில் எழுந்து நின்று ஜெனரேட்டர் வாடகையைக் கேட்கிற உரிமையும் அவர்களிடம் போய்விடும்.

இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகள் குழு அமைத்து, 2024 ஜூன் 26 அன்று பாரிஸில் கடன் மறுசீரமைப்பு ஒப்பந்தத்தை முடித்தன. அந்தக் குழுவுக்கு இணைத் தலைமை வகித்தவை மூன்று நாடுகள்: ஜப்பான், இந்தியா, பிரான்ஸ். 1956இல் காரைக்காலின் கடனைப் பேசித் தீர்த்த இரு அரசுகளும் இந்தமுறை மேசையின் ஒரே பக்கத்தில், கடன்காரர்களாக உட்கார்ந்திருந்தன.

தனியார் கடனுக்கு நிலைமை வேறு. வாஞ்சூரில் உள்ள காரைக்கால் துறைமுக நிறுவனம் கடனில் சிக்கியபோது கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வழியாகத் திவால் நடவடிக்கை நடந்தது. 2023 ஏப்ரலில் அதானி துறைமுக நிறுவனம் 1,485 கோடி ரூபாய்க்கு அதை எடுத்துக்கொண்டது. பலகையில் பெயர் மாறியது, கிரேன் ஓடியது, கணக்கு முடிந்தது. அரசுக்கு அப்படி ஒரு திவால் தீர்ப்பாயம் கிடையாது. அரசு வாங்கிய கடனைக் கட்டிமுடிப்பது அரிசி, பெட்ரோல், மின் கட்டணம், சம்பளம் ஆகியவற்றில்தான்.

இனி புதுச்சேரி. 2007 டிசம்பர் வரை இந்தப் பிரதேசத்துக்கு என்று தனியான பொதுக்கணக்கு இல்லை. வேண்டிய கடனை மத்திய அரசே கொடுத்தது. அந்த மாதத்தில் பொதுக்கணக்கு தனியாகப் பிரிந்தது; சந்தையில் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் வழி திறந்தது. தனிக்குடித்தனம் வைத்த மகனுக்குக் கடைத் தெருவில் கடன் அட்டை கிடைத்த மாதிரி. ஆனால் அப்பா வீட்டுப் பழைய பாக்கியும் கூடவே வந்தது. அந்தப் பழைய கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று எந்தக் கட்சி முதல்வரானாலும் டெல்லியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாநிலம் இல்லை என்பதால் நிதிக்குழுவின் பங்கீட்டில் புதுச்சேரிக்கு இடம் கிடையாது. யூனியன் பிரதேசம்தானே என்று டெல்லி முழுச் செலவையும் ஏற்பதும் கிடையாது. ஜி.எஸ்.டி.யில் மட்டும் மாநிலம். அதற்கான இழப்பீடும் 2022 ஜூனோடு நின்றது. 2025-26க்கு முதல்வர் ரங்கசாமி வைத்த பட்ஜெட் 13,600 கோடி ரூபாய். அதில் மத்திய உதவி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மிச்சம் வரி, மின் கட்டணம், மது வருவாய், கடன்.

இந்த 13,600 கோடியில் காரைக்காலுக்கு எவ்வளவு? இரண்டு லட்சம் பேர் வாழும் மாவட்டம். 30 தொகுதியில் ஐந்து இங்கே. வாங்கிய கடனில் எவ்வளவு இந்த ஊருக்குள் வந்தது? இந்த ஆண்டு கட்டும் வட்டியில் இந்த ஊரின் பங்கு என்ன? அலுவலகத்தில் கேட்டால் காரைக்காலில் எல்லோருக்கும் மனப்பாடமான பதில் வரும்: ஃபைல் புதுச்சேரிக்குப் போயிருக்கிறது. கடலூரையும் சிதம்பரத்தையும் தாண்டி, தமிழ்நாட்டின் நடுவே 130 கிலோமீட்டர் போய், ஃபைல் திரும்பி வருவதற்குள் தாளடி அறுவடை முடிந்துவிடும்.

இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு சபை இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1880இலேயே இங்கே கொம்யூன் நகராட்சிகளை அமைத்தார்கள். இன்றும் காரைக்கால் நகராட்சியோடு கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உண்டு. கட்டடம் இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், குப்பை வண்டி இருக்கிறது. 1968க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் வழக்குகளில் சிக்கி நின்றுபோயிற்று. நாடெங்கும் உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்த அரசியல் சட்டத் திருத்தங்கள் 1990களின் தொடக்கத்தில் வந்தவை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிர்வாகச் சீர்திருத்தத்துக்காக எந்த வங்கி என்ன அட்டவணை போட்டாலும், அந்தச் சீர்திருத்தத்தின் முதல் வரி காரைக்காலில் இன்னும் காலியாகவே கிடக்கிறது.

கணக்கு முடிக்காத பழக்கம் இந்தப் பிரதேசத்தில் வேறு இடங்களிலும் இருக்கிறது. அரசு நிறுவனங்கள் பல ஆண்டுக் கணக்கை முடிக்காமல் நிலுவையில் வைத்திருப்பதை மத்தியத் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பக் குறித்திருக்கின்றன. ஓர் ஊர்க் கோயில் கணக்கு இரண்டு வருடம் வாசிக்கப்படாவிட்டால் அந்தக் கணக்காளர் அடுத்த திருவிழாவுக்குப் பந்தக்கால் நட முடியுமா?

காரைக்கால் அம்மையார் கதையில் இரண்டு மாங்கனி வருகிறது. ஒன்று அடியார் பசிக்குப் போய்விட்டது. மற்றதைச் சாப்பிட்ட கணவன் இரண்டாவதையும் கேட்டபோது அம்மையார் வேண்டினார், கையில் ஒரு கனி வந்தது. மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து கனி வீசி இந்த ஊர் கொண்டாடுகிற அற்புதம் அது. நிதித்துறைக்கு அந்த வரம் கிடையாது. செலவான கனிக்குப் பதில் கனி வேண்டுமென்றால் கடனுக்குத்தான் போக வேண்டும். போகட்டும், கடன் பாவம் இல்லை. கடன் வாங்காமல் துறைமுகம் இல்லை, சுனாமிக்குப் பின் வீடு இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. எந்தக் கனி வந்தது, எந்தக் கனி போனது என்று சொல்லிவிட்டு வாங்க வேண்டும். அவ்வளவுதான் இந்த மடலின் வழக்கு.

ஆகவே ஊர்ப் பெரியவர்களே, உங்களால் ஆகக்கூடிய நான்கு காரியங்கள்.

ஒன்று: வெளிநாட்டுக் கடனில் நடக்கிற எந்த வேலையானாலும், அந்த இடத்தில் தமிழில் பலகை வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்ததாரர் பெயரும் மதிப்பீடும் மட்டும் போதாது. கடன் கொடுத்தது யார், எந்த நாணயம், எத்தனை ஆண்டுத் தவணை, திருப்பிக் கட்டுவது டெல்லியா புதுச்சேரியா என்ற நான்கு வரியும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: புதுச்சேரி பட்ஜெட்டில் காரைக்காலுக்கு என்று ஒரு தாள் கேளுங்கள். இந்த மாவட்டத்தில் வசூலான வரி, இங்கே நடந்த செலவு, கடனில் வந்த வேலை. ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் எந்தக் கட்சியானாலும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரே கோரிக்கை இது. இதில் கட்சிக்குச் சேதம் ஒன்றும் இல்லை.

மூன்று: கொள்கைக் கடனோ சீர்திருத்தக் கடனோ பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால், கையெழுத்துக்கு முன்பே நிபந்தனைப் பட்டியலைத் தமிழில் வெளியிடச் சொல்லுங்கள். உலக வங்கி 2010 முதல் தன் ஆவணங்களில் பெரும்பாலானவற்றைப் பொதுவில் வைக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அரசு தானாகவே வெளியிட வேண்டியதைச் சொல்கிறது. வெளியிடாவிட்டால் ஒரு மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். ஜெனரேட்டர் வாடகையைக் கேட்ட அந்த இளைஞரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். அவருக்கு எங்கே விரல் வைக்க வேண்டும் என்று தெரியும்.

நான்கு: உள்ளாட்சித் தேர்தல். மீனவர் பஞ்சாயத்து மீனவருக்கு, விவசாயச் சங்கம் விவசாயிக்கு. நிரவியின் கூலித் தொழிலாளியும் காரைக்கால் கடைத்தெரு வியாபாரியும் எந்தக் கொட்டகையில் போய்க் கேட்பார்கள்? ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டங்களில் பெண்களுக்கு இன்னும் சரியான இடம் இல்லை என்பதையும் இந்த மடல் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சுயஉதவிக் குழுக் கடனில் வாரத் தவணையை ஒரு நாள் பிசகாமல் கட்டிவருகிறவர்கள் அவர்கள். தவணையின் அருமை அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. எல்லோரும் வந்து உட்காரக்கூடிய ஒரே சபை, தேர்ந்தெடுத்த கொம்யூன் பஞ்சாயத்துதான்.

அடுத்த திருவிழாக் கணக்கு வாசித்து முடித்து நோட்டை மூடும் முன், பாயிலிருந்து யாரும் எழ வேண்டாம். ஐந்து நிமிடம் கூடுதலாக இருங்கள். அந்த ஆண்டின் புதுச்சேரி பட்ஜெட்டில் மூன்று வரியை மட்டும் யாரையாவது உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்: மொத்தம் எவ்வளவு, அதில் புதுக் கடன் எவ்வளவு, பழைய கடனுக்கு வட்டியும் அசலும் எவ்வளவு. கேள்வி எழுந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை ஊர்ப் பஞ்சாயத்து முத்திரையோடு மாவட்ட ஆட்சியருக்கும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்பி, ரசீது வாங்கி நோட்டில் ஒட்டி வையுங்கள்.